இறுக்கினால் எல்லாம் சரியாகுமா?

மழைக்காலத்தில் நீரைக் குடித்து ஊதியும், கோடையில் பாளம் பாளமாக வெடித்துச் சுருங்கியும் வருஷந்தோறும் உருமாறும் கரிசல் மண்ணின்மீது போடப்பட்ட சாலை, அடித்தளத்தில் போதிய சிரத்தை காட்டப்படாவிட்டால், சில காலத்துக்குள் அலையலையாக நெளிந்துவிடும் என்பதை விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அந்த நெளிவுகளில் கார் ஆடுவதைக் கண்டு சலித்துப்போன சிலர், கூட்டிக் குறைக்கத்தக்க விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர்களை வாங்கிப் பூட்டி, அவற்றின் குமிழை முடிந்தமட்டும் வலப்பக்கம் திருகிவிட்டு, "இறுக்கியாச்சு, இனிமே வண்டி ரோட்டைப் பிடிச்சுக்கும்" என்று திருப்தியடைகிறார்கள். இந்தத் திருப்திக்கு ஆதாரமாக நிற்கும் நம்பிக்கைகளில் சில அரை உண்மை. சில முழுப் பிரமை.

வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஷாக் அப்சார்பர்தான் என்பது எல்லாவற்றுக்கும் மூலமான பிரமை. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் ஓயாமல் துள்ளிக்கொண்டிராதபடி எண்ணெயைச் சிறு துவாரங்கள் வழியே செலுத்தி அந்தத் துள்ளலை உஷ்ணமாக மாற்றிக் கரைத்துவிடுவதே ஷாக் அப்சார்பரின் கடமை. அதன் எதிர்ப்பு, தண்டு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைப் பொறுத்ததன்று, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகையால் நின்றிருக்கும் வண்டியில், உள்ளே அடைத்த வாயுவின் சொற்ப உந்துதலைத் தவிர, அது எதையும் தாங்குவதில்லை. பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்பதற்காக ஷாக் அப்சார்பரை மாற்றுகிறவர், தளர்ந்துபோன ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றுக்குச் செலவு செய்கிறார்.

இனி, இறுக்கம் என்னும் பெரிய நம்பிக்கைக்கு வருவோம். டயரின்மீது விழும் பாரம் எவ்வளவுக்கு ஏற்றத்தாழ்வின்றி இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பிடிப்பும் நிலைத்திருக்கும்; கரடான தரையில் மிதமிஞ்சி இறுக்கப்பட்ட சக்கரமோ பள்ளத்தைத் தொடர்ந்து கீழிறங்காமல், மேட்டுக்கு மேடு தாவிப் போகும். அதிலும் ரிபவுண்ட் எனப்படும் மீளும் அசைவின் இறுக்கம் ஒரு விசித்திரமான ஏமாற்றத்தைச் செய்யவல்லது. ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் முழுவதும் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிட, அது இன்னும் சற்று அமுங்க, இப்படியே நாலைந்து மேடுகளுக்குள் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் ரப்பர் தடுப்பில் போய் முட்டும். உள்ளே இருப்பவரோ "ரொம்ப மெத்துன்னு இருக்கு" என்று முடிவு கட்டி, குமிழை இன்னும் இரண்டு கிளிக் இறுக்குவார். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுக்கும் இந்தத் தவறு, பணம் செலவழித்து உயர்ந்த சாதனம் வாங்கியவர்களுக்கே உரியது.

வேகத்துக்கும் இதில் பங்குண்டு. சாதாரணக் காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின்மீது நொடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முறை மேலும் கீழும் ஆடும் சுபாவமுடையது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 16 மீட்டர் இடைவெளியில் வரும் மேடுகள் அந்த ஆட்டத்தோடு சரியாகப் பொருந்தி அதை வளர்த்துவிடும். வேகம் 54 ஆகக் குறைந்தால் பொருந்தும் இடைவெளி 12 மீட்டராகிவிடும்; 16 மீட்டர் மேடுகள் சாதுவாகக் கடந்துபோகும். அதே வண்டி, அதே சாலை, அதே குமிழ்! வேகத்தைக் கவனியாமல் "போன வாரம் நன்றாக இருந்தது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சிவகாசிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பிரத்தியட்சப் பாடம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. அச்சகத்துக்கு வரும் காகிதக் கட்டுகள் வண்டியின் தளத்தோடு படிந்து கனக்கும். பட்டாசுப் பெட்டிகளோ எடைக்கு முன்னால் இடத்தை நிரப்பிக்கொண்டு உயரமாக எழும். முன்னதில் ஸ்பிரிங்குக்கு வேலை அதிகம். பாரம் ஏற ஏற, அதே ஷாக் அப்சார்பர் அந்தப் பாரத்துக்குப் போதாததாகிறது. பின்னதில் பாரத்தின் மையம் உயர்ந்துவிடுவதால் வளைவுகளில் சாய்வதே கவலைக்குரியது. எல்லாப் பாரத்துக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு உண்டு என்பவர் இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தவராக இருக்கமுடியாது.

மோட்டார் சைக்கிளின் பின் ஸ்பிரிங்கில் உள்ள வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிவிடுகிறது என்பதும் சரியன்று. வண்டி நிற்கும் உயரம் கூடுகிறதேயன்றி, ஸ்பிரிங்கின் கடினம் முன்பிருந்த அளவிலேயே இருக்கிறது. காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள் ஸ்பிரிங்கை வெட்டினாலோ அது மெய்யாகவே கடினமாகிவிடும், ஏனெனில் வேலை செய்யும் சுருள்கள் குறைகின்றன. பானெட்டை அமுக்கிவிட்டுத் துள்ளல் எண்ணும் பரீட்சை, முற்றிலும் செத்துப்போன ஷாக் அப்சார்பரை மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

இவையெல்லாம் பந்தயக்காரர்களுக்கே உரிய வித்தை என்ற கருத்தும் உண்டு. பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த சோழவரத்திலிருந்து, 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரையிலும், மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களை உருவாக்கிய கோயம்புத்தூர் கரிவரதன் முதல், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய நரேன் கார்த்திகேயன் வரையிலும் நமக்கு ஒரு பரம்பரை இருப்பது உண்மையே. ஆனால் முறை எவருக்கும் எட்டாததன்று. குமிழை மெதுவாக முழுவதும் மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணி, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் தொடங்குங்கள். டயரின் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து சரிசெய்யுங்கள். ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே பாரத்தோடு ஓட்டி, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதையும் உணர்ந்ததையும் அப்போதே எழுதி வையுங்கள். மிளகாயும் பருப்பும் எண்ணெயும் விலை பேசப்படும் விருதுநகரில் பேரேடு எழுதத் தெரியாதவர் உண்டா? இதுவும் அத்தகைய கணக்குத்தான்.

குமிழே இல்லாத சாதாரணக் கார் வைத்திருப்பவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், எண்ணெய்க் கசிவு கண்டால் ஒன்றை மட்டும் மாற்றாமல், அதே அச்சின் இரண்டு பக்கத்து ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.