எம்டன்: செய்தியும் நிலக்கரியும்

நுழையும்முன்

அஞ்சா நெஞ்சமும் சூழ்ச்சித் திறனும் உடையவரை 'எம்டன்' என்று சுட்டும் வழக்கம் தமிழில் உண்டு. முதல் உலகப்போரின் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே அது. கடற்போரின் போக்கைத் தீர்மானிப்பவை பீரங்கிகள் மட்டுமல்ல என்பதை அக்கப்பலின் வரலாறு உணர்த்துகிறது.

கப்பலின் உணவு

1914ஆம் ஆண்டு போர் மூண்டபோது, சீனக் கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகமே எம்டனின் தளமாக இருந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், தம் படையணியிலிருந்து பிரிந்து தனியே இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். வங்கக்கடலைச் சூழ்ந்த துறைமுகங்களுள் ஒன்றேனும் ஜெர்மனிக்கு உரியதன்று. நீராவியால் இயங்கிய அக்காலக் கப்பலுக்கோ நிலக்கரியே உணவு. அது தீர்ந்துவிட்டால் கப்பலிலிருந்த பத்துப் பீரங்கிகளாலும் பயனில்லை.

ஆகவே, 'மார்கோமானியா' என்னும் நிலக்கரிக் கப்பல் எம்டனைப் பின்தொடர்ந்தது. செப்டம்பர் 10ஆம் நாள், ஆங்கிலேயருக்காக நிலக்கரி ஏற்றிச் சென்ற 'பொன்டோபோரஸ்' என்னும் கிரேக்கக் கப்பலை எம்டன் கைப்பற்றியது. அம்மாத இறுதியில், பிரிட்டிஷ் கடற்படைக்குரிய வேல்ஸ் நிலக்கரியுடன் வந்த 'புரெஸ்க்' கப்பலும் அகப்பட்டது. பகைவரின் வழங்கல் வழியே எம்டனின் வழங்கல் வழியாயிற்று.

கேட்டதும் மறைத்ததும்

எம்டன் தன் கம்பியில்லாத் தந்தியைப் பெரும்பாலும் பேசவிடாமல், பிறர் பேச்சைக் கேட்கவே பயன்படுத்தியது. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களும் அதற்கு உளவறிக்கைகளாயின. தன்னைப் பற்றிப் பகைவர் அறிவதையும் அது குழப்பியது. மூன்று புகைபோக்கிகளையுடைய எம்டன், போலியாக நான்காவது ஒன்றை நிறுத்திப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்போல் தோற்றம் காட்டியது.

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிக் குண்டு வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. அழிவைவிட அச்சமே பெரிதாயிற்று. மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். எம்டன் எங்கிருக்கிறது என்று அறியாமையால் வணிகக் கப்பல்கள் துறைமுகங்களிலேயே முடங்கின.

செய்தி எட்டாத இடமும் எம்டனுக்குத் துணைநின்றது. அக்டோபரில் அது டீகோ கார்சியா தீவை அடைந்தபோது, போர் தொடங்கியதையே அத்தீவினர் அறிந்திருக்கவில்லை. அங்கே அமைதியாக நிலக்கரி ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டது.

தந்தியால் வந்த முடிவு

அம்மாதத்திலேயே 'யார்மவுத்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல், மார்கோமானியாவை மூழ்கடித்துப் பொன்டோபோரஸை மீட்டது. எம்டனின் வழங்கல் வழி சுருங்கத் தொடங்கியது.

பகைவரின் செய்தி வழியைத் துண்டிக்க விரும்பிய முல்லர், நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுக்கூட்டத்தின் கடலடித் தந்தி நிலையத்துக்கு வீரர்களை அனுப்பினார். அவர்கள் கரையேறுமுன்னரே, அயல் கப்பலொன்று வந்திருப்பதாக நிலையப் பணியாளர்கள் செய்தி அனுப்பிவிட்டனர். அருகே சென்றுகொண்டிருந்த படைக்கப்பல் அணியிலிருந்து ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' விரைந்து வந்தது. தொலைவில் எழுந்த புகையை, தாம் அழைத்திருந்த புரெஸ்கின் புகையென்றே எம்டனில் இருந்தோர் முதலில் எண்ணினர். நிலக்கரியை எதிர்பார்த்த கண்களுக்கு முன்னே பகை வந்து நின்றது. சிட்னியின் வலிய பீரங்கிகளுக்கு ஆற்றாது எம்டன் வட கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தப்பட்டது. அதன் வீரர்களுள் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைச் செய்தியறிவால் மடக்கிய எம்டன், ஒரு செய்தியாலேயே வீழ்ந்தது. படைக்கலம் போரிடும், ஆனால், அதை உரிய இடத்துக்கு இட்டுச்செல்வது செய்தி, அங்கே நிலைநிறுத்துவது வழங்கல்.

சிந்திக்க

கோகோஸ் தீவின் தந்திப் பணியாளர்கள் படைக்கலம் ஏந்தாமலே போரின் போக்கை மாற்றினர். இக்கூற்றை ஏற்கின்றீரா? காரணம் தந்து எழுதுக.