மட்டையாளரும் எதிர்வினைக் காலமும்

பேஸ்பால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருவழக்காயுள்ள விளையாட்டு. நம் நாட்டில் கிரிக்கெட் பெற்றுள்ள இடத்தை அங்கே அது நெடுங்காலமாகப் பெற்று வந்துள்ளது. எறிபவர் பந்தை எறிகிறார். மட்டையாளர் உருண்டை வடிவான மரமட்டையால் அதை அடிக்க முயல்கிறார். பார்ப்பவர்க்கு இஃது எளிய செயலாகவே தோன்றும். ஆயினும், இவ்விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்களுள்ளும், பத்து வாய்ப்புகளில் மூன்றில் வெற்றி காண்பவர் சிறந்த மட்டையாளராக மதிக்கப்படுகிறார். 1941-ஆம் ஆண்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியைச் சேர்ந்த டெட் வில்லியம்ஸ் 456 வாய்ப்புகளில் 185 முறை வெற்றியுடன் அடித்தார். இது ஆயிரத்துக்கு 406 என்ற வீதமாகும். அமெரிக்க லீக், தேசிய லீக் ஆகிய இரண்டிலும் அதற்குப் பின்னர் ஒரு முழுப் பருவத்தில் ஆயிரத்துக்கு 400 என்னும் அளவை எட்டியவர் எவருமிலர்.

இவ்வளவு கடினமானதாக இச்செயல் இருப்பது ஏன்? "பந்தைப் பார்த்து அடி" என்பது பயிற்சியாளர் ஒவ்வொருவரும் கூறும் அறிவுரை. பார்த்தபின் அடிப்பதற்கு நேரம் இருக்கிறதா என்பதே நாம் இங்கே ஆராயப்போகும் வினா.

பந்து வந்து சேரும் நேரம்

எறிபவர் தம் காலை ஊன்ற வேண்டிய இடத்தில் ரப்பர்ப் பட்டை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதற்கும் மட்டையாளரின் அருகே தரையில் பதித்துள்ள 'ஹோம் பிளேட்' எனப்படும் தகட்டுக்கும் இடையேயுள்ள தூரம் 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். இந்தத் தூரம் 1893-ஆம் ஆண்டு முதல் மாறவில்லை. ஆனால், எறிபவர் ஓரடி முன்வைத்துக் கையை நீட்டிய பின்னரே பந்தை விடுகிறார். ஆகவே, பந்து உண்மையில் கடக்க வேண்டிய தூரம் சுமார் 55 அடி, அதாவது 16.8 மீட்டர்தான்.

விரைவான எறி ஒன்றின் வேகத்தை மணிக்கு 95 மைல் எனக் கொள்வோம். இது விநாடிக்கு 42.5 மீட்டர் ஆகும். காற்றின் தடையால் வழியில் வேகம் சிறிது குறைகிறது. அதனையும் கணக்கிற் கொண்டால், பந்து கையை விட்டு நீங்கியது முதல் தகட்டை அடையும் வரை கழியும் நேரம் ஏறத்தாழ 0.4 விநாடி. இதைவிட விரைவான எறிகளும் உண்டு. 1946-இல் வாஷிங்டன் நகரின் கிரிபித் மைதானத்தில் இராணுவத்தின் ஒளிமின் கருவியைக் கொண்டு பாப் பெல்லரின் எறியை அளந்தபோது, அதன் வேகம் மணிக்கு 98.6 மைல் எனத் தெரிந்தது. இக்காலத்தில் 100 மைலைக் கடந்த எறிகள் அரிய செய்தியல்ல.

எதிர்வினைக் காலம் என்பது யாது?

ஒரு தூண்டலைப் புலன் ஏற்ற கணத்திற்கும், அதற்கு விடையாக உடல் அசையத் தொடங்கும் கணத்திற்கும் இடையே உள்ள நேரமே எதிர்வினைக் காலம் ஆகும். இவ்விடைவெளி உண்டு என்பதே நெடுங்காலம் வரை உணரப்படவில்லை. 1796-இல் கிரீனிச் வானாய்வுக் கூடத்தில், விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தம் தலைவரைவிட 0.8 விநாடி தாழ்த்திக் குறித்தார் என்பதற்காக உதவியாளர் ஒருவர் வேலையிழந்தார். மனிதர்க்கு மனிதர் இத்தகைய வேறுபாடு இயல்பாகவே அமைவது என்பதைப் பின்வந்த வானியலார் கண்டறிந்தனர். நரம்பின் வழியே செய்தி உடனடியாகச் சென்றுவிடுகிறது என்ற எண்ணத்தை 1850-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அகற்றினார். தவளையின் நரம்பில் அவர் அளந்த வேகம் விநாடிக்கு முப்பது மீட்டருக்கும் குறைவாக இருந்தது.

தம் எதிர்வினைக் காலத்தை வாசகர்களே அளந்து பார்க்கலாம். இதற்கு 30 சென்டிமீட்டர் நீளமுள்ள அளவுகோல் ஒன்று போதும். நண்பர் ஒருவர் அதன் மேல்நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். பூச்சியக் குறிக்கு நேரே நும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கோலைத் தொடாமல் இருபுறமும் வைத்துக்கொள்க. அவர் முன்னறிவிப்பின்றிக் கோலை விடும்போது அதனைப் பற்றுக. கோல் 15 சென்டிமீட்டர் விழுந்திருந்தால் நும் எதிர்வினைக் காலம் சுமார் 0.17 விநாடி, 20 சென்டிமீட்டர் எனில் 0.20 விநாடி; 25 சென்டிமீட்டர் எனில் 0.23 விநாடி. பலமுறை செய்து சராசரி காண்பது நலம். பெரும்பாலோர்க்கு விடை 0.2 விநாடியை ஒட்டியே அமையும்.

கணக்கு கூறும் முடிவு

இனி இவ்விரு அளவுகளையும் சேர்த்து நோக்குவோம். பந்துக்கு வேண்டிய நேரம் 0.4 விநாடி. மட்டையை வீசத் தொடங்கியது முதல் அது பந்தைச் சந்திக்கும் வரை ஏறத்தாழ 0.15 விநாடி செல்கிறது. எஞ்சுவது 0.25 விநாடி. அதில் எதிர்வினைக்கே 0.2 விநாடி வேண்டும். ஆகவே, பந்தைக் கண்டு, அதன் வேகத்தையும் திசையையும் மதிப்பிட்டு, அடிப்பதா விடுவதா எனத் தீர்மானிப்பதற்கு மிஞ்சுவது 0.05 விநாடியே. அந்த நேரத்தில் பந்து இரண்டு மீட்டர் தூரமே வந்திருக்கும்!

மேலும், 0.2 விநாடி என்பது ஒரே தூண்டலுக்கு ஒரே விடை அளிக்கும் எளிய எதிர்வினைக்கே பொருந்தும். பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து விடையளிக்க வேண்டுமாயின் நேரம் கூடுகிறது என்பதை நெதர்லாந்து நாட்டு டொண்டர்ஸ் 1868-லேயே காட்டினார். மட்டையாளரோ நேரெறியா, வளைந்து வரும் எறியா, மெதுவான எறியா எனத் தேர்ந்தாக வேண்டியவர்.

பிழைக்கு இடமும் மிகச் சிறிது. மட்டையின் மிகப் பருத்த பகுதியின் விட்டம் 6.6 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது என்பது விதி. பந்தின் விட்டமோ ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டும் உருண்டையானவை. மட்டை ஒரு சென்டிமீட்டர் ஏறினாலோ தாழ்ந்தாலோ பந்து தரையிலோ வானிலோ வீணாகிறது. 0.01 விநாடி முந்தினாலோ பிந்தினாலோ அது எல்லைக்கோட்டுக்கு வெளியே சென்றுவிடக்கூடும். கணக்கை மட்டும் நம்பினால், விரைவான எறியை எவராலும் அடிக்க இயலாது என்ற முடிவுக்கே நாம் வரவேண்டும். ஆயினும் அடிக்கிறார்கள். எங்ஙனம்?

விரைந்த நரம்புகளா?

சிறந்த ஆட்டக்காரர்க்கு இயல்பிலேயே விரைந்து செயற்படும் நரம்புகள் அமைந்துள்ளன என்பது பலரும் கூறும் விடை. இதைச் சோதிக்கும் முயற்சி ஒன்று 1921-இல் நடந்தது. அவ்வாண்டு 59 'ஹோம் ரன்'கள் அடித்துப் புகழின் உச்சியில் இருந்த பேப் ரூத், நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழக உளவியல் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பெற்றார். ஒளியைக் கண்டு செயற்படச் சராசரி மனிதர்க்கு 0.180 விநாடி வேண்டியிருக்க, அவருக்கு 0.160 விநாடி போதுமானதாக இருந்தது. ஒலிக்கு 0.150 விநாடிக்குப் பதிலாக 0.140 விநாடி.

இவ்வேறுபாடு உண்மையே, ஆனால் சிறியது. 0.02 விநாடி மிச்சமாவதால் மட்டும், அடிக்கவே இயலாத பந்து அடிக்கத்தக்கதாக ஆகிவிடுவதில்லை. சாதாரண மக்களுள்ளும் 0.160 விநாடியில் செயற்படுவோர் உளர். அவர்கள் எல்லோரும் பேப் ரூத் ஆகிவிடவில்லை.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டில் செய்யப்பட்ட ஒரு சோதனை இதனை மேலும் தெளிவாக்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மக்லவுட் என்னும் உளவியலார், பாய் விரிப்பின் அடியில் மரச் சட்டங்களை மறைத்துவைத்து, பந்து விழுந்தெழும்போது எதிர்பாராத பக்கம் திரும்புமாறு செய்தார். 1987-இல் வெளியான அவர் முடிவு யாதெனில், தேர்ந்த மட்டையாளர்களும் அத்திருப்பத்துக்கு ஏற்பத் தம் மட்டையை மாற்றச் சுமார் 0.2 விநாடி எடுத்துக்கொண்டனர் என்பதே. விளையாட்டுப் பழக்கமில்லாதவருடைய எதிர்வினைக் காலமும் ஏறத்தாழ இவ்வளவுதான். முன்கூட்டி அறிய முடியாத ஒன்று நிகழும்போது, வல்லுநரும் நம்மைப் போன்றவரே.

முன்னறிந்து அடித்தல்

ஆகவே, திறமை வேறிடத்தில் இருக்க வேண்டும். 2004-இல் கலிபோர்னியாவில் நடந்த காட்சி ஆட்டம் ஒன்று அவ்விடத்தைக் காட்டுகிறது. சாப்ட்பால் என்னும் இனமான விளையாட்டில் புகழ்பெற்ற ஜென்னி பிஞ்ச் என்ற பெண்மணி, அன்று ஆல்பர்ட் புஹோல்ஸ், மைக் பியாசா ஆகிய முன்னணிப் பேஸ்பால் மட்டையாளர்களைப் பந்தைத் தொடவொட்டாமல் வெளியேற்றினார். அவர் எறிந்த பந்து பேஸ்பாலைவிடப் பெரியது. அதன் வேகமும் குறைவே. ஆனால் அவர் 43 அடி தூரத்திலிருந்து எறிந்தமையால், பந்து வந்து சேரும் நேரம் பேஸ்பாலில் உள்ளதற்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. மட்டையாளர்களின் நரம்புகள் அன்று மெதுவாகிவிடவில்லை. பந்தைக் கீழிருந்து சுழற்றி எறியும் அவருடைய கையசைவை அவர்கள் கற்றிருக்கவில்லை, அவ்வளவே.

இதனால் விளங்குவது யாதெனில், மட்டையாளர் பந்துக்கு எதிர்வினை ஆற்றுவதைக் காட்டிலும், அது வரப்போகும் இடத்தை முன்னறிந்து அடிக்கிறார் என்பதாகும். எறிபவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவும், பந்து விரல்களை விட்டு நீங்கும் கோணமும், அதன் தையல் சுழலும் விதமும் அவருக்கு எழுத்துகளைப் போன்றவை. பல்லாயிரம் எறிகளைக் கண்ட பழக்கத்தால், முதல் சில மீட்டர்களிலேயே முழுப் பாதையையும் அவர் படித்துவிடுகிறார். அவர் முன்காலை எடுத்து வைப்பதுகூடப் பந்து கையை விட்டு நீங்கும் தருணத்தை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. புவியீர்ப்பினால் மட்டும் 0.4 விநாடியில் பந்து சுமார் 78 சென்டிமீட்டர் தாழ வேண்டும். பந்தின் பின்சுழற்சி அத்தாழ்வை ஓரளவு குறைக்கும். இவற்றையெல்லாம் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. பயிற்சியே அவருக்காகக் கணக்கிட்டு விடுகிறது.

பந்தை மட்டையில் படும் வரை கண்ணால் தொடர்வதும் இயலாத செயலே. அருகே வரும் பந்தைத் தொடரக் கண் விநாடிக்கு 500 பாகைக்கு மேல் சுழல வேண்டும்; ஆனால் கண் தடையின்றித் தொடரக்கூடிய வேகம் விநாடிக்கு 100 பாகை அளவினதே. டெர்ரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நூலில் இழுக்கப்படும் பந்தைக் கொண்டு செய்த சோதனையின் முடிவுகளை 1984-இல் வெளியிட்டனர். அதில் கலந்துகொண்ட தொழில்முறை ஆட்டக்காரர் மற்றவர்களைவிட நெடுநேரம் பந்தைத் தொடர்ந்தார். ஆயினும், தகட்டுக்கு 5.5 அடி தூரத்தில் அவர் கண்ணும் பின்தங்கிவிட்டது.

மட்டையாளரின் இம்முறையை எறிபவரும் அறிவார். கையசைவை மாற்றாமல் 95 மைலுக்குப் பதில் 85 மைல் வேகத்தில் அவர் எறிவாராயின், பந்து ஏறத்தாழ 0.05 விநாடி தாமதித்து வரும். மட்டை அதற்குள் வெற்றிடத்தைக் கடந்து சென்றிருக்கும்.

1920-ஆம் ஆண்டு நிகழ்ச்சி

முன்னறிதலுக்கு முதற்பார்வை இன்றியமையாதது. அது மறைக்கப்பட்டால் நேரும் தீங்கை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்தியது. 1920 ஆகஸ்டு 16-ஆம் நாள் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் மட்டையுடன் நின்றார். யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ் கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி எறிந்தார். அக்காலத்தில் ஒரே பந்தை அழுக்கேறிய பின்னும் பயன்படுத்துவது வழக்கம். மண்ணும் கறையும் படிந்து கறுத்த பந்து எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அன்று பந்து சாப்மனின் தலையில் மோதியது. அவர் விலக முயன்றதாகவே தோன்றவில்லை என்று கண்டோர் கூறினர். எழுந்த ஓசையைக் கேட்ட மேஸ், பந்து மட்டையில் பட்டதாகக் கருதி அதை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். சாப்மன் மறுநாள் காலை உயிர் நீத்தார்.

அவர் நரம்புகள் மந்தமானவை என்று எவரும் கூறார். அவர் விரைவுக்குப் பெயர்பெற்ற ஆட்டக்காரர். தொடக்கத்தில் பந்தைக் காணாதவருக்கு, இறுதியில் அதைக் கண்டு விலகப் போதிய நேரம் கிடையாது. நாம் மேலே போட்ட கணக்கு கூறுவதும் இதுவே.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அழுக்கடைந்த பந்துகளை நடுவர்கள் உடனுக்குடன் மாற்றலாயினர். மைதானங்களில் எறிபவருக்குப் பின்னால், மட்டையாளரின் பார்வைக்கு நேராக, கருநிறப் பின்புலம் அமைக்கும் வழக்கமும் நிலைபெற்றது. வெண்மையான பந்து அதன்மீது பளிச்சென்று தெரியும். புதிதாக வரும் மட்டையாளர் ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்று 1971-இல் மேஜர் லீக் ஆட்டங்களுக்கு விதி செய்யப்பட்டது.

எதிர்வினைக் காலம் மனித உடலுக்கு இயற்கை வகுத்த எல்லை. பயிற்சியினால் அதைச் சிறிதளவே குறைக்கலாம். ஆனால், எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பயிற்சியினால் கற்கலாம்; பார்க்க வேண்டியது தெளிவாகத் தெரியும்படி ஏற்பாடுகளையும் செய்யலாம். இளைஞர்க்கு எவ்விளையாட்டைக் கற்பிப்போரும் இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். "விரைந்து அடி" என்று மாணவனைக் கடிவதால் பெரும்பயன் இல்லை. பந்து எறிபவரின் கையை விட்டு நீங்கும் கணத்தில் அவன் கண் எங்கே இருந்தது என்று கேட்பதே முறையாகும்.