எல்லையோரக் குடும்பங்களின் சேமிப்பும் முதலீடும்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் அமைந்த பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டுடன் நிலத்தாலும் மொழியாலும் தொழிலாலும் பிணைந்தவை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் நெல்லும் தென்னையும், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தேயிலையும், உடும்பன்சோலை வட்டத்தில் ஏலக்காயும் மிளகும் மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாக உள்ளன. தோட்டத் தொழிலாளருள் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் மலையேறி வேலை செய்து, மாலையில் ஊர் திரும்புவோரும் பலர்.

இக்குடும்பங்களின் வருவாய் சிறியது. அதுவும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஏலக்காய் பருவத்தில் வேலை மிகுகிறது. பிற மாதங்களில் குறைகிறது. ஆனால் பள்ளிச் செலவும் மருத்துவச் செலவும் பருவம் பார்த்து வருவதில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு இன்னொரு சுமையும் உண்டு. பணியில் உள்ளவரை தோட்டத்தின் லயத்தில் குடியிருக்கலாம். ஓய்வு பெற்றபின், குடும்பத்தில் வேறொருவர் அத்தோட்டத்தில் பணியில் இல்லையெனில், அவ்வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிறது. எனவே முப்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பு முதுமையில் ஒரு கூரையாக மாறுமா, மாறாதா என்பதே இவர்களைப் பொறுத்தவரை முதலீட்டுப் பிரச்சினையின் மையமாகும்.

மூன்று கேள்விகள்

பணத்தை ஒரு திட்டத்தில் இடுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு கிடைக்கும்?" என்பதே. சிறு வருவாயினர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. முதலாவது, பணம் யார் பொறுப்பில் உள்ளது, அவர் தவறினால் ஈடு செய்வது யார் என்பது. இரண்டாவது, தேவைப்படும் நாளில் அப்பணம் கைக்கு வருமா என்பது. மூன்றாவது, குடும்பத்தின் வருவாய் தடைப்படும் காலத்திலும் அச்சேமிப்பு நிலைத்து நிற்குமா என்பது. எல்லைப்புறத்தில் வழக்கிலுள்ள சில முறைகளை இக்கேள்விகளைக் கொண்டு ஆராயலாம்.

பரிசுச்சீட்டு

கேரள அரசு 1967ஆம் ஆண்டில் பரிசுச்சீட்டுத் துறையைத் தொடங்கியது. ஒரு ரூபாய் விலையுள்ள சீட்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் முதற்பரிசாக அறிவிக்கப்பட்டு, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடைபெற்றது. தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனை 2003இல் தடை செய்யப்பட்டது. அதன்பின் வாளையாறு, கோவிந்தாபுரம், குமுளி போன்ற எல்லை ஊர்களின் விற்பனைக் கடைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் வாடிக்கையாளர் வரலாயினர். திருவோணச் சிறப்புச் சீட்டின் விற்பனையில் பாலக்காடு மாவட்டம் முன்னணியில் நிற்பதற்கு இவ்வெல்லை வணிகமும் ஒரு காரணம் எனலாம்.

2023ஆம் ஆண்டின் திருவோணக் குலுக்கலில் முதற்பரிசான 25 கோடி ரூபாய், வாளையாற்றில் வாங்கப்பட்ட ஒரு சீட்டுக்கு விழுந்தது. திருப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த நண்பர் நால்வர் கூட்டாக அதனைப் பெற்றனர். இச்செய்தி எல்லையின் இருபுறமும் பரவியது. ஆனால் அவ்வாண்டு 75 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்பனையாயின என்பதை நினைவிற் கொண்டோர் சிலரே. 500 ரூபாய்ச் சீட்டு ஒன்றை வாங்கியவருக்கு முதற்பரிசு கிடைக்கும் வாய்ப்பு 75 இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அச்சுச் செலவு, முகவர் தரகு, வரி, அரசின் வருவாய் ஆகியவை கழிந்த பின் எஞ்சுவதே பரிசாகப் பகிரப்படுகிறது. ஆகவே வாங்குவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் கொடுத்ததைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுகின்றனர். இது யாருடைய குற்றமும் அன்று. அத்தொழிலின் கணக்கே அதுதான்.

நாள்தோறும் 50 ரூபாய்க்குச் சீட்டு வாங்குபவர் மாதம் 1,500 ரூபாய் செலவிடுகிறார். அதே தொகை மாதந்தோறும் தொடர் வைப்பில் இடப்பட்டு, ஆண்டுக்கு 6 சதவீத வட்டி மாதக் கூட்டு முறையில் கிடைப்பதாகக் கொண்டால், பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ 2 இலட்சத்து 45 ஆயிரம் ரூபாயாகும். ஒரு சிறு வீட்டின் அடித்தளத்துக்கும் சுவருக்கும் அது உதவக்கூடும். பரிசுச்சீட்டைப் பொழுதுபோக்குச் செலவாகக் கருதுவது ஒன்று. சேமிப்பாகக் கருதுவது வேறொன்று. துன்பம் விளைவது இரண்டாவதிலேயே.

குறி எனும் ஏலச்சீட்டு

மலையாளத்தில் 'குறி' எனவும் தமிழில் 'சீட்டு' எனவும் வழங்கும் முறை வேறு தன்மையது. 25 பேர் மாதம் 1,000 ரூபாய் வீதம் 25 மாதங்கள் செலுத்தும் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீட்டுத் தொகை 25,000 ரூபாய். ஒரு மாதத்தில் ஒருவர் 5,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுத்தால் அவர் கைக்கு 20,000 ரூபாய் வரும். தள்ளிய 5,000 ரூபாயில், நடத்துபவரின் தரகு 5 சதவீதம் எனில் 1,250 ரூபாய் போக, மீதி 3,750 ரூபாய் 25 பேருக்கும் பகிரப்படும். ஆளுக்கு 150 ரூபாய் கழிந்து, அம்மாதம் 850 ரூபாய் செலுத்தினால் போதும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். தொடக்கத்தில் ஏலம் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன். இறுதிவரை காத்திருப்பவருக்கு அது ஒரு சேமிப்பு. மகளின் திருமணத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டுபவரும், நான்காண்டு கழித்து நிலம் வாங்க எண்ணுபவரும் ஒரே சீட்டில் வெவ்வேறு பயன் பெறுகின்றனர். எத்தகைய தேவைக்காகச் சேர்கிறோம் என்பதை உறுப்பினர் முதலிலேயே தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

பணம் யார் பொறுப்பில் என்னும் முதற்கேள்வி இங்கு மிக முக்கியமானது. 1969 நவம்பரில் கேரள அரசு திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநில நிதி நிறுவனத்தை ஏற்படுத்தியதன் நோக்கம், தனியார் சீட்டுகளுக்கு நம்பத்தக்க மாற்று ஒன்றை அளிப்பதே. மத்திய அரசின் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் கேரளத்தில் 2012 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் முன் அனுமதியும் பதிவும் பிணையமும் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நடத்துபவரின் தரகு உச்சவரம்பு 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்ந்தது. லயங்களிலும் தெருக்களிலும் வெறும் குறிப்பேட்டை நம்பி நடைபெறும் சீட்டுகளுக்கு இப்பாதுகாப்பு எதுவுமில்லை. நடத்துபவர் ஊரைவிட்டுச் சென்றால் உறுப்பினர் கையில் எஞ்சுவது அக்குறிப்பேடு மட்டுமே.

வங்கி வைப்பும் ஒரு பழைய பாடமும்

வங்கி வைப்புக்கு இன்று நாடெங்கும் உள்ள காப்பீட்டின் பின்னணியில் இவ்வட்டாரத்தின் பட்டறிவு ஒன்று உண்டு. இடுக்கியை அடுத்த கோட்டயம் மாவட்டத்தில், பாலா நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாலாய் சென்ட்ரல் வங்கி 1960 ஆகஸ்டில் மூடப்பட்டது. மலைநாட்டு விவசாயிகள், வணிகர்கள் எனப் பலருடைய வைப்புகள் முடங்கின. இத்தகைய வீழ்ச்சிகள் எழுப்பிய கவலையின் விளைவாக வைப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் தேதியன்று அதற்கான கழகம் செயல்படத் தொடங்கியது. அப்போது காப்பீட்டு வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இக்காப்பீடு வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாது. பெயர்ப்பலகையில் 'வங்கி' என்னும் சொல் காணப்படுவதால் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே பாதுகாப்பு உண்டு எனக் கொள்ளலாகாது. "இவ்வைப்பு எந்தக் காப்பீட்டின் கீழ் வருகிறது?" என்று கேட்பது வைப்பாளரின் உரிமை. அஞ்சலகச் சேமிப்புக்கோ மத்திய அரசே பொறுப்பு. 1882இல் தோன்றிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி, மலைக் கிராமங்களுக்கும் எட்டும் அமைப்பாகும்.

கூலியும் பங்கும் ஒரே தோட்டத்தில்

மூன்றாவது கேள்வியின் ஆழத்தை மூணாற்றின் அனுபவம் காட்டுகிறது. 2005ஆம் ஆண்டில் டாட்டா டீ நிறுவனம் மூணாற்றுத் தோட்ட நிருவாகத்திலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. அதன் பங்குகளில் பெரும்பான்மை, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், ஊழியர் கைக்கு வந்தது. உழைப்பவரே உடைமையாளராகும் முயற்சி என்ற முறையில் அது நாடெங்கும் கவனிக்கப்பட்டது.

தேயிலை விலை வீழ்ந்ததும் அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. முந்திய ஆண்டில் 20 சதவீதத்தை ஒட்டி இருந்த போனஸ், 2015இல் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்போது நாள் ஊதியம் 232 ரூபாய். அவ்வாண்டு செப்டம்பரில் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு மூணாறு சாலையை மறித்தனர். 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருளில் 'பொம்பிளை ஒருமை' எனப் பெயர் பெற்ற அப்போராட்டத்தின் முடிவில், 8.33 சதவீதப் போனசும் 11.67 சதவீதக் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் வழங்க உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் நடந்த பேச்சுகளில் நாள் ஊதியம் 301 ரூபாயாக உயர்ந்தது.

போராட்டத்தின் நியாயம் ஒருபுறமிருக்க, முதலீட்டுக் கோணத்தில் இங்கு கருதத்தக்கது ஒன்றுண்டு. தேயிலை விலை என்னும் ஒரே காரணம் போனசையும் பங்காதாயத்தையும் பங்கின் மதிப்பையும் ஒருசேர இறக்க வல்லது. குடியிருக்கும் வீடும் அதே தோட்டத்தைச் சார்ந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை நினைத்த நாளில் விற்று ரொக்கமாக்கலும் எளிதன்று. ஆகவே தொழிலாளர் பங்குடைமை வரவேற்கத்தக்கதே ஆயினும், அதனையே குடும்பத்தின் முழுச் சேமிப்பாகக் கொள்வது ஆபத்தானது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு வட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, வேலையுடன் ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் சேர்ந்தே முடங்கின. தோட்டத்துக்கு வெளியே சிறிதேனும் சேமித்திருந்தவருக்கு அந்நாட்களில் அதுவே துணையாயிற்று.

ஏலக்காய் விவசாயிக்கும் இவ்விதி பொருந்தும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காயின் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றாண்டுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உச்ச விலை நிலைக்கும் என எண்ணிக் கடன் வாங்கி மேலும் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுப்பவர், விளைச்சலையும் கடனையும் ஒரே விலையின் மீது ஏற்றிவிடுகிறார். நல்ல விலை கிடைக்கும் ஆண்டின் மிகுதி வருவாயில் ஒரு பகுதியை ஏலக்காயுடன் தொடர்பற்ற வைப்பில் இடுபவரே விலை வீழும் ஆண்டைத் தாங்க இயலும்.

செய்ய வேண்டிய வரிசை

இவற்றிலிருந்து ஒரு வரிசை முறையை வகுக்கலாம். முதலாவது, மிகை வட்டிக் கடனை அடைத்தல். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டில் 6,000 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டு, அதே பத்தாயிரத்தை 6 சதவீத வைப்பில் இடுபவர் பெறுவது 600 ரூபாய். இழப்பது 5,400 ரூபாய். கடனை அடைப்பதைவிட உறுதியான வருவாய் தரும் முதலீடு இவருக்கு வேறில்லை.

இரண்டாவது, மூன்று மாதச் செலவுக்கான தொகையை எந்நேரமும் எடுக்கத்தக்க கணக்கில் வைத்தல். மூன்றாவது, வருங்கால வைப்பு நிதியை இடையிடையே எடுத்துக் கரைக்காமல் காத்தல். ஊதியத்தில் தொழிலாளி தரும் 12 சதவீதத்துடன் நிருவாகத்தின் பங்கும் சேர்வதால், அதற்கு இணையான சேமிப்பை ஒரு தொழிலாளி தனியே உருவாக்குதல் அரிது. நான்காவது, இவையெல்லாம் நிறைவேறிய பின், பத்தாண்டுக்கு மேல் தேவைப்படாத தொகையில் மட்டும் ஒரு பகுதியைப் பரஸ்பர நிதி போன்ற ஏற்ற இறக்கமுள்ள முதலீட்டில் இடுதல். விலைவாசி உயர்வை வெல்ல அது உதவக்கூடும். ஆயினும் அதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட் நிறுவனம் தன் யூனிட்-64 திட்டத்தின் விற்பனையையும் மீட்பையும் நிறுத்தி வைத்தபோது, அதனை வைப்பாகவே எண்ணியிருந்த பலர் இவ்வேறுபாட்டை உணர்ந்தனர்.

அலுவலர்களின் பங்கு

எல்லையோரப் பகுதிகளில் இவ்வறிவைப் பரப்புவதில் மொழி ஒரு தடையாக உள்ளது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தொழிலாளி மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சான படிவத்தில் ஒப்பமிடும்போது, தான் ஏற்கும் நிபந்தனைகளை அறிவதில்லை. சீட்டு உடன்படிக்கை, வைப்பு நிதிக் கணக்கு விவரம், வாரிசு நியமனப் படிவம் ஆகியவை அவருக்குத் தமிழிலும் விளக்கப்படுதல் வேண்டும். போனஸ் வழங்கும் வாரத்திலேயே அஞ்சலக, வங்கி அலுவலர் தோட்டங்களுக்குச் செல்வது பயன் தரும். பணம் கையில் இருக்கும் நாளில் கிடைக்கும் அறிவுரைக்கே மதிப்பு மிகுதி. குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் மேற்கூறிய மூன்று கேள்விகளையும் விவாதப் பொருளாக்கலாம்.

சிறு வருவாய்க் குடும்பத்துக்கு ஒரு தவறான முடிவின் விலை பெரிது. செல்வர் ஒருவர் இழக்கும் 50,000 ரூபாய் அவரது கணக்கில் ஒரு வரி. தோட்டத் தொழிலாளி இழக்கும் அதே தொகை பல ஆண்டுச் சேமிப்பு. கூலி தோட்டத்திலிருந்து வருகிறது, வீடும் தோட்டத்தினுடையது. சேமிப்பேனும் தோட்டத்துக்கு வெளியே, உறுதியான பொறுப்பில் வளருமானால், லயத்தை விட்டு இறங்கும் நாளில் அக்குடும்பத்துக்குச் சென்று சேர ஓர் இடம் இருக்கும்.