பழைய பையும் 71 வாசல்களும்

"மாமா, என் சேவ் எங்க போச்சு?"

அக்கா மகன் கேட்டபோது டிவியில் சூப்பர் மரியோ வேர்ல்டின் முதல் திரை ஓடிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டில் மொத்தம் 96 வாசல்கள். எத்தனை கண்டுபிடித்திருக்கிறோம் என்பது சேவ் பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணாகத் தெரியும். போன விடுமுறையில் 71 வரை வந்திருந்தான். இப்போது அங்கே 43 என்று இருந்தது. முந்தின நாள் இரவுதான் நான் ராஸ்பெர்ரி பையை அப்டேட் செய்து முடித்திருந்தேன்.

அந்த 28 வாசல்கள் எப்படிக் காணாமல் போயின, எப்படித் திரும்பக் கிடைத்தன என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பழைய போர்டு ஒன்றை வீட்டில் விளையாட்டுக்காக வைத்திருப்பவர்கள் அப்டேட்டில் கை வைக்கும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

என்னிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை 2. 2015-ல் வந்த சின்ன கம்ப்யூட்டர் போர்டு; 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு கோர், 1 ஜிபி ரேம், வைஃபை கிடையாது. அதில் 2018-ல் ரெட்ரோபை போட்டேன். பழைய டிவி கேம், கடைகளில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் மெஷின் இரண்டையும் ஒரே போர்டில் ஓடவைக்கும் இலவச மென்பொருள் தொகுப்பு அது. உள்ளே ரெட்ரோஆர்ச், விளையாட்டுப் பட்டியலைக் காட்டும் எமுலேஷன் ஸ்டேஷன், ஒவ்வொரு பழைய மெஷினைப் போலவும் நடிக்க ஒரு எமுலேட்டர் என்று பல பேர் எழுதிய பல மென்பொருள்கள் சேர்ந்திருக்கும். விளையாட்டுகள் மட்டும் கூட வராது. அவற்றின் உரிமை அந்தந்த நிறுவனங்களுடையது.

ஆறேழு வருடம் தொடாமல் ஓடியது. அப்டேட் செய்ய நினைத்ததற்குக் காரணம், புதிதாக வாங்கிய ஒரு யுஎஸ்பி கண்ட்ரோலர். பழைய சிஸ்டத்துக்கு அதை அடையாளம் தெரியவில்லை. இப்படி ஒரு காரணம் இருந்தால் மட்டுமே பழைய போர்டை அப்டேட் செய்யுங்கள் என்பேன். மெனுவில் அந்த வார்த்தை இருக்கிறதே என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. புது எமுலேட்டர்களை எழுதுகிறவர்கள் இன்றைய போர்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். பத்து வருடப் போர்டுக்கு அதனால் கனம் கூடுமே ஒழியக் குறையாது.

தொடங்கும் முன் ஒரு வேலை செய்திருந்தேன். மெமரி கார்டு முழுவதையும் அப்படியே ஒரே இமேஜ் கோப்பாக லேப்டாப்பில் எடுத்துவைத்தேன். விளையாட்டு ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துகொண்டால் போதுமே என்று தோன்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று முழு கார்டையும் எடுத்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

முதலில் பழைய கார்டிலேயே அப்டேட்டை ஓட்டினேன். வரிசையாக 404 பிழைகள். காரணம் எளிது. என் கார்டில் இருந்தது ராஸ்பியன் ஸ்ட்ரெட்ச். ராஸ்பியனுக்கு அடிப்படை டெபியன் லினக்ஸ்; டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படங்களில் வரும் பாத்திரங்களின் பெயரை வைப்பது வழக்கம். ஸ்ட்ரெட்ச் என்பது அவற்றில் வரும் ரப்பர் ஆக்டோபஸ், அடுத்த பதிப்பான பஸ்டர் அந்தப் படங்களின் நாய்க்குட்டி. ஒரு பதிப்பின் காலம் முடிந்ததும் அதன் பேக்கேஜ்களை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து, லெகஸி என்ற பெயரில் இருக்கும் தனி சர்வருக்கு மாற்றிவிடுவார்கள். சோர்சஸ் கோப்பில் அந்த முகவரியை மாற்றினால் 404 போய்விடும். போனது. ஆனால் அதனால் கிடைப்பது அதே பழைய பேக்கேஜ்கள்தான். புதியது எதுவும் வராது.

அடுத்து, அதே கோப்பில் ஸ்ட்ரெட்ச் என்று இருந்த இடத்தில் பஸ்டர் என்று போட்டு, இருந்த இடத்திலேயே மேலே ஏற்றப் பார்த்தேன். இப்படிச் செய்ய வேண்டாம், புது இமேஜ் போடுங்கள் என்பதுதான் ரெட்ரோபை தரப்பின் அறிவுரை. நேரம் மிச்சமாகுமே என்று செய்தேன். இரண்டு மணி நேரம் ஓடி முடித்து ரீஸ்டார்ட் ஆனதும் எமுலேஷன் ஸ்டேஷன் வரவே இல்லை. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டியது. அந்த இரண்டு மணி நேரத்தில் புது இமேஜை நான்கு முறை எழுதியிருக்கலாம்.

ஆகவே 2022-ல் வந்த ரெட்ரோபை 4.8. பை 2, பை 3 இரண்டுக்கும் ஒரே இமேஜ். அதன் அடியில் இருப்பது பஸ்டர்தான்; அதற்கடுத்த புல்ஸ்ஐ இல்லை. இதைப் பின்தங்கல் என்று நினைக்க வேண்டாம். புல்ஸ்ஐயிலிருந்து ராஸ்பெர்ரி பை வேறு கிராஃபிக்ஸ் டிரைவருக்கு மாறிவிட்டது. பை 2 போன்ற போர்டுக்குப் பழைய டிரைவரே தோதானது. புது இமேஜை எழுதினேன், விளையாட்டு ஃபோல்டரையும் பயாஸ் ஃபோல்டரையும் கொண்டுவந்தேன், புதுக் கண்ட்ரோலர் செருகியவுடனே வேலை செய்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில்தான் அந்தக் கேள்வி.

சேவ் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு வேறு விஷயம். இதை விளங்கிக்கொள்ளாமல்தான் பெரும்பாலான இழப்புகள் நடக்கின்றன.

முதல் வகை, விளையாட்டே செய்துகொள்ளும் சேவ். சேவ் வசதி உள்ள சூப்பர் நிண்டெண்டோ கேசட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே வட்டமாக ஒரு சின்ன பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். மெஷினை அணைத்த பிறகும் ஒரு சிறு மெமரி சிப்புக்கு அது உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும்; நம் கணக்கெல்லாம் அந்தச் சிப்பில் இருக்கும். எமுலேட்டர் அந்தச் சிப்பில் இருப்பதை எஸ்ஆர்எம் என்று முடியும் கோப்பாக எழுதிவைக்கிறது. சூப்பர் மரியோ வேர்ல்டுக்கு அது வெறும் 2 கிலோபைட். உண்மையான கேசட்டில் இருப்பதே அதிலும் இருப்பதால், எந்தப் பதிப்பு எமுலேட்டரும் அநேகமாக அதைப் படித்துவிடும்.

இரண்டாவது வகை, ஸ்டேட். செலக்ட் பட்டனை அழுத்திக்கொண்டு வலது தோள் பட்டனை அழுத்தினால், மரியோ நடுவானில் குதித்துக்கொண்டிருந்தாலும் அந்த நொடி அப்படியே உறைந்து கோப்பாகிவிடும். அது விளையாட்டின் கணக்கு அல்ல. எமுலேட்டரின் மூளைக்குள் அந்த நொடியில் இருந்த எல்லாவற்றின் நகல். மூளையின் அமைப்பு அடுத்த பதிப்பில் மாறினால் பழைய நகலை அதற்குள் திணிக்க முடியாது. எமுலேட்டரையே மாற்றினால் கேட்கவே வேண்டாம்.

பையன் போன விடுமுறை முழுக்க ஸ்டேட்டை மட்டும் நம்பியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த விளையாட்டு எந்த இடத்திலும் சேவ் செய்யவிடாது. கோட்டை, பேய் வீடு போன்ற சில இடங்களை முடித்தால்தான் கேட்கும். ஸ்டேட் ஒரு நொடி வேலை. இன்னொன்றும் இருக்கிறது. எஸ்ஆர்எம் கோப்பை ரெட்ரோஆர்ச் கார்டில் எழுதுவது விளையாட்டை விட்டு முறைப்படி வெளியே வரும்போதுதான். செலக்ட்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தி வெளியே வராமல் சாப்பிடக் கூப்பிட்டதும் பிளக்கைப் பிடுங்கினால், விளையாட்டு சேவ் ஆனதாகச் சொல்லியிருந்தும் கார்டில் ஒன்றும் இருக்காது. ரெட்ரோஆர்ச் அமைப்பில் ஆட்டோசேவ் இன்டர்வல் என்று ஒரு வரி உண்டு. அதில் 60 என்று போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

புதுச் சிஸ்டத்தில் 71-க்கான ஸ்டேட் கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது. திறக்கத்தான் இல்லை. பழைய எமுலேட்டரால் மட்டுமே அதைப் படிக்க முடியும். அந்த எமுலேட்டர் இருந்ததோ லேப்டாப்பில் கிடந்த கார்டு இமேஜுக்குள். அதை இன்னொரு கார்டில் எழுதி, பழைய சிஸ்டத்தையே உயிர்ப்பிக்க வேண்டும்.

மேசை இழுப்பறையில் ஒரு 32 ஜிபி கார்டு கிடந்தது. பழையதும் 32 ஜிபிதான். எழுத ஆரம்பித்ததும் இடம் போதாது என்று வந்தது. வெளியே 32 என்று அச்சிட்டிருந்தாலும் ஒரு கம்பெனி கார்டும் இன்னொரு கம்பெனி கார்டும் உள்ளே துல்லியமாக ஒரே அளவு இருப்பதில்லை. கொஞ்சம் குறைந்தாலும் முழு இமேஜ் உட்காராது. பேக்கப்புக்கு வாங்கும் கார்டு எப்போதும் ஒரு படி பெரிதாக இருக்கட்டும். கடைக்குப் போய் 64 ஜிபி வாங்கிவந்து எழுதினேன்.

பழைய சிஸ்டம் எழுந்தது. ஸ்டேட் திறந்தது. வரைபடத்தில் மரியோ நின்றுகொண்டிருந்தான்.

"இப்ப பேய் வீட்டுக்குப் போடா."

"அது முடிச்சதுதானே மாமா?"

"முடிச்சதுதான். திரும்ப முடி. அப்பத்தான் சேவ் கேக்கும்."

ஏற்கெனவே முடித்த பேய் வீட்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது விளையாட்டு சேவ் கேட்கும். கதவு கதவாக ஓடி மூன்று நிமிடத்தில் வெளியே வந்தான். சேவ் கொடுத்தான். செலக்ட், ஸ்டார்ட். அந்த 2 கிலோபைட் கோப்பை எடுத்துப் புதுக் கார்டில் போட்டோம். பெயருக்குப் பக்கத்தில் 71.

அப்டேட்டுக்கு முன்பே, பழைய சிஸ்டத்திலேயே, முக்கியமான ஒவ்வொரு ஸ்டேட்டையும் திறந்து இப்படி விளையாட்டின் சொந்த சேவாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மாலை நேரம் ஆகும். காண்ட்ரா மாதிரி சேவே இல்லாத விளையாட்டுகளுக்கு இது செல்லாது. அவற்றின் ஸ்டேட்டுகள் எனக்குப் போனதுதான்.

அடுத்த இடி முஸ்தபா. 90-களில் வீடியோ கேம் கடைக்குப் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கேப்காம் 1993-ல் வெளியிட்ட அந்த ஆர்கேட் விளையாட்டின் உண்மைப் பெயர் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபா என்ற பாத்திரத்தின் பெயரே நம் ஊரில் விளையாட்டின் பெயராகிவிட்டது. பழைய கார்டில் அது எஃப்பி ஆல்ஃபா என்ற எமுலேட்டரில் ஓடியது. 2019-ல் அந்தத் திட்டத்திலிருந்து பிரிந்தவர்கள் எஃப்பி நியோவைத் தொடங்கினார்கள். புது ரெட்ரோபையில் இருப்பது அதுதான். முஸ்தபாவைத் தேர்ந்தெடுத்தால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டுப் பட்டியலுக்கே திரும்பிவந்தது.

கோப்பு கெட்டுப்போகவில்லை. ஆர்கேட் விளையாட்டு என்பது ஒரே கோப்பு அல்ல. அந்த ஆர்கேட் மெஷினின் போர்டில் இருந்த ஒவ்வொரு மெமரி சிப்பிலிருந்தும் எடுத்த பல துண்டுகளின் ஜிப். எந்தத் துண்டு, எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்பதை எமுலேட்டரின் ஒவ்வொரு பதிப்பும் வைத்திருக்கும் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. எஃப்பி நியோ வளர்ந்துகொண்டே இருப்பதால் அதன் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாக, மேம் 2003 என்ற எமுலேட்டர் மேம் 0.78 பதிப்பின் தொகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பொருந்தும் ஜிப் என்றைக்கும் பொருந்தும். பை 2-வின் வேகத்துக்கும் அது இலகு. நான் ஆர்கேட் முழுவதையும் அதற்கு மாற்றிக்கொண்டேன். பழைய போர்டில் எமுலேட்டரைத் தேர்ந்தெடுக்க இதுவே என் அளவுகோல்: வளராததே நல்லது.

சூப்பர் நிண்டெண்டோவுக்கும் அப்படித்தான். புது ஸ்னெஸ்9எக்ஸ் எமுலேட்டர் துல்லியமானது. ஆனால் என் போர்டில் யோஷிஸ் ஐலண்டில் சத்தம் கரகரத்தது. அந்தக் கேசட்டுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்று ஒரு கூடுதல் சிப் இருந்தது. அதையும் சேர்த்துப் பாவனை செய்ய வேண்டியிருப்பதால் சுமை அதிகம். விளையாட்டு தொடங்கும்போது சாம்பல் நிறப் பெட்டி ஒன்று தெரியும். அந்த நேரத்தில் ஏதாவது பட்டனை அழுத்தினால் எந்த எமுலேட்டர் வேண்டும் என்று கேட்கும். அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் ஸ்னெஸ்9எக்ஸ் 2010 வைத்தேன். கரகரப்பு நின்றது. படத்துக்கு மெருகேற்றும் ஷேடர்களும் சுமைதான்; வேகம் பார்க்கும்வரை அவற்றை அணைத்துவையுங்கள்.

பழைய ரெட்ரோஆர்ச் அமைப்புக் கோப்பைப் புதியதன் மேல் அப்படியே போட்டுவிடாதீர்கள். எனக்குப் பட்டன்கள் எல்லாம் இடம் மாறிப் போயின. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நீங்களே மாற்றியிருந்த நாலைந்து வரிகளை மட்டும் கொண்டுபோங்கள். புதுச் சிஸ்டத்தை நெட்வொர்க்கில் விடுவதாக இருந்தால், எல்லோருக்கும் தெரிந்த அந்த ராஸ்பெர்ரி என்ற பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

மின்சாரம். திரை ஓரத்தில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் போர்டுக்குப் போகும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். பழி பெரும்பாலும் மெலிந்த கேபிளின் மேல். விளையாடும்போது இதனால் வேகம்தான் குறையும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தால் கார்டே கெடலாம். மாதப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்துவைத்துக்கொண்டு, வேறொரு நாளில் இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்து அப்டேட்டைச் செய்தேன்.

64 ஜிபி கார்டு இப்போது ஒரு சின்ன உறைக்குள் இருக்கிறது. உறை மேல் ரெட்ரோபை, ஸ்ட்ரெட்ச், எஃப்பி ஆல்ஃபா என்று பேனாவால் எழுதித் தேதியும் போட்டிருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும் முன் பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் 71 என்று எழுதிக் கொடுத்தான்.