கியர் பாக்ஸை இறக்கச் சொல்லும் முன்

மெட்ரோ ஐந்தாவது வழித்தடப் பணியால் மேடவாக்கம் பக்கம் சாலை குறுகியதிலிருந்து, முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவிலேயே பள்ளிக்கரணைக்காரர்களின் காலைப்பொழுது கழிகிறது. கிளட்ச் தேய இது ஒன்றே போதும். இதோடு மழைக்காலமும் சேர்ந்துகொள்கிறது. தென் சென்னை ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் நாம் காரை நிறுத்துகிறோம். அந்த நீர் ஒக்கியம் மடுவு வழியாக வடிந்தாக வேண்டும். வடியும்வரை தெருவில்தான் நிற்கும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் நின்றது.

ஆகவே கியர் கரகரத்தாலோ, விழ மறுத்தாலோ, விழுந்த கியர் கழன்றாலோ உடனே பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். கோளாறு பல நேரம் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும்.

செய்ய வேண்டியவை

● இன்ஜினை அணைத்துவிட்டு ஒருமுறை எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். இரண்டு நிலையிலும் இறுக்கமாக இருந்தால் கியர் கேபிள், லிங்கேஜ், அதன் புஷ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷிஃப்டருக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தாலே கியர் லீவர் தொளதொளத்துவிடும். பாக்ஸைத் தொடாமலே மாற்றக்கூடிய பொருள் அது.

● அடுத்து ரிவர்ஸ் சோதனை. வண்டி ஐடிலில் நிற்கட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, நிதானமாக நான்கு எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. உள்ளே ஷாஃப்ட் சுற்றி ஓய்ந்த பிறகே பற்கள் ஒழுங்காகச் சேரும். எண்ணிய பிறகும் கரகரவென்றால் கிளட்ச் இழுக்கிறது. சத்தமில்லாமல் விழுந்தால், இத்தனை நாளும் அவசரப்பட்டதுதான் கோளாறு.

● எல்லா கியரும் ஒழுங்காக விழுந்து, இரண்டாவது மட்டும் ஒவ்வொரு முறையும் கரகரத்தால், அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்குத்தான் உண்மையிலேயே பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

● கால் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். தடிமனான 7டி மேட், மழைக்கு அதன்மேல் ஒரு ரப்பர் மேட் என்று அடுக்கினால் பெடல் அடிவரை போகாது. கிளட்சும் முழுதாக விடாது.

● பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால்தான் கியர் விழுகிறதா? ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் லைனில் காற்று புகுந்திருக்கும், அல்லது ஆயில் கசியும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அதில் அளவு குறைந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டாட் 3 அல்லது டாட் 4 என்று மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். பழைய சின்ன கார்களில் கேபிள் கிளட்ச். இழை பிரிந்த கேபிள் அறுவதற்கு முன் பெடலைக் கனக்கச் செய்து எச்சரித்துவிடும்.

● கிளட்ச் பிளேட் மாற்றும்போது பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. ஒரு பேரிங்குக்காக அதை இரண்டாவது முறை கொடுப்பது வீண்.

செய்யக்கூடாதவை

● தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போகும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். கியர் பாக்ஸைத்தான் மறந்துவிடுகிறோம். பாக்ஸின் மேல்பகுதியில் காற்று போய்வர பிரீதர் என்று ஒரு சிறு துவாரம் உண்டு. ஓடிச் சூடான பாக்ஸ் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதரும் ஆயில் சீலும் வெளியிலிருக்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாராயணபுரம் ஏரிப் பக்கம் சக்கரத்தில் பாதி முங்க ஓட்டி வந்து, "வண்டி நிற்கவே இல்லை" என்று பெருமைப்படுபவர்களும் இதில் தப்புவதில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வரும். அப்படி வந்தால் முழுவதையும் மாற்றுங்கள்; கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை மாற்றுவது நல்லது. பெரும்பாலான சின்ன கார்களுக்கு இரண்டு லிட்டரை ஒட்டியே பிடிக்கும். துருப்பிடித்த பேரிங்கோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

இன்னொன்று: இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்வரை நாள்கணக்கில் அப்படியே நிற்கும் காரில் கிளட்ச் பிளேட் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அணைத்திருக்கும்போது கியர் விழும், ஓடும்போது ஒன்றும் விழாது. கியரில் போட்டு ஸ்டார்ட் அடித்து உதறிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தெருவில் வேண்டாம். கார் முன்னால் பாயும். டோவிங் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

● ஆயில் மாற்றும்போது, ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்க்காமல் வடிக்கும் பிளக்கைத் திறக்க விடாதீர்கள். மேலே இருப்பது இறுகிக் கழலாமல் போனால், காலியான பாக்ஸோடு கார் ஷெட்டிலேயே நிற்கும்.

● "கெட்டியா இருந்தா சத்தம் குறையும் சார்" என்று ஏதோ ஒரு கியர் ஆயிலை ஊற்ற விடாதீர்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4தான். ஜிஎல்-5 எண் பெரிதாக இருப்பதால் உசத்தி ஆகிவிடாது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும்.

● வேளச்சேரி மேம்பாலச் சரிவில் காரை ஹாஃப் கிளட்சில் தொங்க விடாதீர்கள். ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. சும்மா ஓட்டும்போதும் இடது காலைப் பெடல்மேல் வைத்திருக்காதீர்கள்; ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போகும். பெடலை மிதித்தால் சத்தம், விட்டால் நிசப்தம் என்றால் பெரும்பாலும் அது போய்விட்டது.

● கிளட்ச் கேபிளை அளவுக்கு மீறி இறுக்கச் சொல்லாதீர்கள். கியர் நன்றாக விழும், ஆனால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். ரேடியல் சாலை காலியாக இருக்கும் நேரத்தில் நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் கத்தி, வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது.

● கழலும் கியரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டாதீர்கள். இன்ஜின் மவுண்டிங் நைந்திருந்தாலும் கியர் கழலும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● ஓட்டிப் பார்க்காமல் "பாக்ஸ் போச்சு" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். நல்ல மெக்கானிக் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று போவார். வேலை முடிந்ததும் கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால் மாற்றியது நியாயம், ஆயில் படிந்திருந்தால், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றினாரா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.