நீல நீர்யானையும் பென்சில் பெட்டியும்

கேள்வி: அருங்காட்சியகக் கடையில் பழங்கலை உருவம் போட்ட பென்சில் பெட்டி, பை எல்லாம் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா? கலையைக் கொச்சைப்படுத்துவதாகாதா?

பதில்: தாராளமாக வாங்குங்கள், அசலைப் பார்த்த பிறகு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் செல்லப்பிள்ளை 'வில்லியம்', ஏறக்குறைய 3,900 ஆண்டுப் பழைய எகிப்திய நீர்யானைச் சிற்பம். கடையில் அது வெறும் அழகு. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அசலின் நீல உடலிலோ தாமரை வரைந்திருக்கிறது. மூன்று கால்கள் பின்னாளில் செய்து பொருத்தியவை. கல்லறையில் அது இறந்தவரைத் தாக்காதிருக்க, அசல் கால்களை வேண்டுமென்றே உடைத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இது தெரிந்த பிள்ளைக்குப் பெட்டி வெறும் பெட்டியல்ல. கொச்சை என்கிறீர்களா? 'வில்லியம்' என்ற பெயரே 1931-இல் லண்டன் 'பஞ்ச்' நகைச்சுவை இதழால் பரவியதுதான். அதனால் ஆய்வொன்றும் கெட்டுவிடவில்லை. விலை கட்டுப்படாவிட்டால் பட அஞ்சலட்டை போதும்.