ஐபாடின் நான்கு பருவங்கள்

சந்தைக்கு வரும் ஒரு பொருள் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்னும் நான்கு பருவங்களைக் கடக்கிறது. இதனைப் பொருளின் வாழ்க்கைச் சுழற்சி என்பர். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் இதற்குத் தெளிவான சான்று.

2001 அக்டோபரில் 399 டாலர் விலையில் அறிமுகமான இப்பாட்டுப்பெட்டி, தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் மேக் கணினிகளுடன் மட்டுமே இணைந்து இயங்கியது, விற்பனை மந்தமே. 2002இல் விண்டோஸ் கணினிக்கேற்ற வடிவமும், 2003இல் பாடல் ஒன்றை 99 சென்ட்டுக்கு விற்கும் இணையக் கடையும் வந்தபின் வளர்ச்சி தொடங்கிற்று.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது முதிர்ச்சிப் பருவத்தையே. 2008 நிதியாண்டில் ஏறத்தாழ 5.5 கோடி ஐபாடுகள் விற்பனையாயின, அதுவே உச்சம். ஆனால் பாட்டும் கேட்கக்கூடிய கைப்பேசியான ஐபோனை அந்நிறுவனமே 2007இல் விற்கத் தொடங்கிவிட்டது. தன் பொருளுக்குத் தானே போட்டியை உருவாக்குவதா என வியக்கலாம். அது செய்யாவிடில் பிறர் செய்திருப்பர். 2014 நிதியாண்டில் விற்பனை 1.5 கோடிக்கும் கீழே இறங்கியது. 2022 மே மாதத்தில் ஐபாட் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

மின்னணுப் பொருள் விற்கும் வணிகர் பலர் சரக்கின்மீது ரொக்கக் கடன் பெறுகின்றனர். விற்பனை உச்சத்தில் இருக்கும்போதுதான் சரக்கைக் குவிக்கத் தோன்றும். சரிவு தொடங்கியதும் சரக்கின் மதிப்பு குறைய, அதைக் கொண்டு கணக்கிடப்படும் பணம் எடுக்கும் வரம்பும் சுருங்கும். நெடுநாள் விற்காமல் தேங்கிய சரக்கை வங்கிகள் பொதுவாக இக்கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கென வாங்கிய கடனுக்கோ வட்டி தொடர்ந்து ஏறும்.